முகம் தெரியாத கடைக்காரர்

எங்கள் அன்னைக்குச் சென்ற ஆண்டு எண்பது வயது நிறைந்தது. என்ன வேண்டும் என்று கேட்டோம். "பட்டு வேண்டாம், நகை வேண்டாம், ஒரு சுங்குடிச் சேலை போதும். ஆனால் கையால் முடிச்சுப் போட்டதாக இருக்க வேண்டும்" என்றார்கள். மணமான புதிதில் எங்கள் தந்தையார் மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடையொன்றில் வாங்கிக் கொடுத்த அரக்கு நிறச் சுங்குடி ஒன்று அவர்களிடம் நெடுங்காலம் இருந்தது. அது நைந்து, பேரப்பிள்ளைகளுக்குத் தொட்டில் துணியாகி, மறைந்தும் போயிற்று. அதைப் போன்ற ஒன்றைத்தான் கேட்டார்கள்.

நாங்கள் இருப்பது சோழவந்தானை அடுத்த ஒரு சிற்றூரில். மதுரைக்குப் பேருந்தும் உண்டு, இரயிலும் உண்டு. ஆயினும் அந்த வாரம் எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி. மற்றவருக்குப் பள்ளியில் தேர்வு வேலை. ஆகவே ஊரார் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். கைபேசியைத் திறந்து இணைய அங்காடி ஒன்றில் 'மதுரைச் சுங்குடி' என்று தட்டினோம்.

கண் கூசும் அளவுக்குச் சேலைகள் வந்து நின்றன. அவற்றுள் ஒன்று 'அசல் மதுரைச் சுங்குடி, கைவேலை' என்ற விளம்பரத்தோடு 649 ரூபாய்க்குக் கிடைத்தது. ஐந்துக்கு 4.3 நட்சத்திரம், மதிப்பிட்டவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். மூவாயிரம் பேரும் ஏமாந்திருப்பார்களா என்று எண்ணிப் பணத்தைச் செலுத்திவிட்டோம்.

நான்காம் நாள் பார்சல் வந்தது. அன்னை சேலையை மடியில் விரித்து, ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்துத் தடவினார்கள். பிறகு புறப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். வண்ணம் அங்கே வெளிறிக் கிடந்தது. புள்ளிகளோ அளந்து வைத்தாற்போல் ஒன்றுக்கொன்று மாறாமல் இருந்தன. "இது முடிச்சுச் சேலை இல்லையப்பா. பரவாயில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி, பிறந்தநாள் திருப்பலிக்கு அதையே உடுத்திக்கொண்டும் வந்தார்கள். அந்தப் 'பரவாயில்லை' என்ற சொல்தான் எங்களைச் சுட்டது.

சுங்குடியைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். நாயக்கர் காலத்தில் மதுரையில் வந்து குடியேறிய சௌராட்டிர மக்களின் கைத்தொழில் அது. பருத்தித் துணியில் புள்ளி குறித்து, அந்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக முடிவார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பின்னர் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, முடிச்சை அவிழ்த்தால் நூல் இறுக்கிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். கைவேலையாதலால் ஒரு புள்ளியைப் போல் மற்றொன்று இராது. துணியிலும் முடிச்சின் சுருக்கம் தெரியும். 2005-ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று சுங்குடி என்ற பெயரில் பெரும்பாலும் விற்பவை மெழுகு அச்சும் திரை அச்சும் போட்ட சேலைகளே. அச்சுச் சேலை என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை; உடுத்த நல்ல சேலைதான். அச்சை முடிச்சு என்று சொல்லி விற்பதுதான் வஞ்சகம்.

பழைய காலத்துக் கடைத்தெருவில் எல்லாரும் அரிச்சந்திரர்களாக இருந்தார்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. முகூர்த்த நாள் நெருங்க நெருங்கப் பூக்காரியின் முழங்கை குட்டையாகிப் போவதை மதுரையில் அறியாதவர் யார்? எனினும் தெற்கு மாசி வீதியில் வெள்ளை விரிப்பின் மேல் பத்துச் சேலைகளைப் பிரித்துப் போட்ட அந்தக் கடைக்காரர், "சாயம் போனால் கொண்டு வாருங்கள். நான் எங்கே ஓடிப்போகப் போகிறேன்?" என்று சொன்னது எங்கள் காதில் இன்னும் நிற்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதை எங்கள் தந்தையார் ஆராய்ந்ததில்லை. அவர் ஓடிப்போக மாட்டார் என்பது தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

இணைய அங்காடியில் அந்த உறுதிக்குப் பதிலாக வைக்கப்பட்டதுதான் நட்சத்திரம். 1995-இல் அமெரிக்காவில் பியர் ஓமிடியார் என்பவர் தொடங்கிய அங்காடி பிற்பாடு ஈபே என்று பெயர் பெற்றது. முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் பழைய பொருள்களை விற்றுக்கொண்ட இடம் அது. சண்டை சச்சரவுகள் வரவே, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதி வைக்கும் ஏற்பாட்டை 1996-இல் அவர் கொண்டு வந்தார். நம் நாட்டில் 2007-இல் பிளிப்கார்ட் தோன்றியது. அமேசான் 2013-இல் இங்கே அங்காடி திறந்தது. மீஷோ 2015-இல் வந்தது. நட்சத்திரங்களும் கூடவே வந்துவிட்டன.

ஏமாந்த பிறகுதான் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தோம். அப்போதுதான் கண் திறந்தது. அந்த 4.3 நட்சத்திரம் சேலைக்கு உரியது; விற்றவருக்கு உரியதன்று. ஒரே பொருளைப் பல வணிகர்கள் ஒரே பக்கத்தில் விற்பதும் உண்டு என்பதையும் அன்றுதான் அறிந்தோம். விற்றவரின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதைத் தொட்டால் அவருக்கென்று தனியே ஒரு பக்கம் திறக்கிறது. அவருடைய முகவரியும், அவர்மீது வாங்கினவர்கள் வைத்த மதிப்பும் அங்கே இருக்கின்றன. எங்கள் வணிகரின் மதிப்பு அங்கே மூன்றைத் தொடவில்லை! மதிப்புரைகளையும் மேலோட்டமாகப் பாராமல் வாசித்தோம். பழையவற்றில் சில, சேலையையே அல்லாமல் வேறேதோ சட்டையைப் பற்றிப் பேசின. பக்கம் ஒன்றாக இருக்க, சரக்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போலும். வேறு சில, 'மிக விரைவில் வந்தது' என்று மட்டும் புகழ்ந்தன. கொண்டு வந்து கொடுத்த கூரியர்ப் பிள்ளைக்குச் சேர வேண்டிய நட்சத்திரம் அது. ஒரே நாளில், ஒரே சொற்களில், ஐந்தாறு பேர் மெய்மறந்து பாராட்டியும் இருந்தார்கள். மூன்று நட்சத்திரம் போட்டவர்கள்தாம் ஓரளவு உண்மையை எழுதியிருந்தார்கள். 'துணி பரவாயில்லை, ஆனால் அச்சுதான்' என்று ஓர் அம்மையார் எழுதி வைத்திருந்ததை முன்னரே படித்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

முகவரியோ வேறு மாநிலத்தது. அது மட்டுமே குற்றமாகாது; மதுரைச் சரக்கை எவரும் எங்கிருந்தும் விற்கலாம். அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் இணையப் பக்கத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்க முடிகிறது. பதினைந்து இலக்கங்களில் முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. எண் இல்லாதவரெல்லாம் கள்ளர் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 2023 அக்டோபர் முதல், விற்றுமுதல் குறைந்த சிறு வணிகர்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே, சேர்க்கை எண் ஒன்றை மட்டும் பெற்று, தங்கள் மாநிலத்துக்குள் இணைய அங்காடி வழியாகப் பொருள்களை விற்கச் சட்டம் இடமளிக்கிறது. இது பின்னால் எங்களுக்கு வேண்டியிருந்தது.

2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, அங்காடி தன்னிடத்தில் விற்பவருடைய பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைக் காட்டியாக வேண்டும். குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். முறையீடு சென்ற 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்தது என்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் அவர் அதைத் தீர்க்க வேண்டும். வணிகர், 'மாற்றித் தருவேன், பணம் தர மாட்டேன்' என்று மறுத்துவிடவே, அந்த அலுவலருக்கு எழுதினோம். ஒன்பதாம் நாள் பணம் திரும்பி வந்தது. வராதிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லியிருப்போம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் இவையெல்லாம் அங்காடிக்குள் பணம் செலுத்தினவர்களுக்குத்தான் எளிது. 'தள்ளுபடி தருகிறேன், வெளியே என் எண்ணுக்கு நேராக அனுப்புங்கள்' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். அப்படி அனுப்பிப் பறிகொடுத்தவர்கள் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைப்பது நலம்.

பணம் வந்தது; சேலை வரவில்லை. நல்ல சரக்கு எங்கே என்று தேடியபோது மற்றொன்றும் விளங்கிற்று. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலறிஞர் 1970-இல் பழைய மோட்டார் கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அத்தகைய ஆய்வுகளுக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வாங்குகிறவருக்கு நல்ல காரையும் ஓட்டை காரையும் பிரித்தறியத் தெரியாவிட்டால், நல்ல காருக்குரிய விலையை அவர் கொடுக்க மாட்டார். அந்த விலை கட்டாத நல்ல கார்க்காரர் சந்தையைவிட்டுப் போய்விடுவார். ஓட்டை கார்களே எஞ்சும் என்பது அவர் கருத்து. 649 ரூபாய் அச்சுச் சேலை 'அசல் முடிச்சு' என்று பெயர் சூட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், உண்மையிலேயே முடிச்சுப் போட்டவர் 2,200 ரூபாய் கேட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவர்தான் பேராசைக்காரராகத் தோன்றுவார்.

அப்படி ஒருவரைத்தான் இறுதியில் கண்டுபிடித்தோம். அதே அங்காடியில், பதினோராவது பக்கத்திலோ பன்னிரண்டாவது பக்கத்திலோ இருந்தார். நான்கே பேர் மதிப்பிட்டிருந்தார்கள். நால்வரும் ஐந்து நட்சத்திரம். முகவரி மதுரை, காமராசர் சாலையை ஒட்டிய ஒரு சந்து. ஜி.எஸ்.டி. எண் இல்லை, சேர்க்கை எண் இருந்தது. 'புள்ளியின் புறப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?' என்று அங்காடியின் வழியாகவே கேட்டோம். மாலையில் பாதி முடிச்சு அவிழ்த்த சேலையின் படம் வந்தது. வாங்கினோம். அன்னை தடவிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியின் முன் நின்று தோளில் போட்டுப் பார்த்தார்கள். எங்களுக்கு அது போதும்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சேலை முதல் சலவைக்குப் போயிற்று. அதே வாளியில் ஒரு வெள்ளை வேட்டியும் இருந்தது. வேட்டி வெளியே வந்தபோது செம்பருத்தி நிறத்தில் இருந்தது! சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள்; எங்கள் நிலையும் அதுவே. மறுபடியும் ஏமாந்துவிட்டோம் என்ற ஆத்திரம் தலைக்கேறியது. ஈரக் கை உலருமுன் கைபேசியை எடுத்து ஒரு நட்சத்திரம் போட்டு, 'போலி. சாயம் போகிறது. வாங்காதீர்கள்' என்று எழுதினோம். எழுதியதும் மனம் ஆறிவிட்டது. அந்தப் பக்கத்தை மூன்று வாரம் திரும்பியும் பார்க்கவில்லை.

தீபாவளிக்குப் பின் தற்செயலாகப் பார்த்தபோது எங்கள் எழுத்தின் கீழே பதில் ஒன்று இருந்தது. "அம்மா, பெட்டியில் ஒரு சீட்டு வைத்திருந்தேன். முதல் சலவையில் உப்புத் தண்ணீரில் தனியாக நனைக்க வேண்டும். கைச்சாயம் முதலில் சிறிது இறங்கும், பிறகு நின்றுவிடும். உங்களுக்கு வருத்தம் உண்டானதற்கு மன்னியுங்கள். சேலையை அனுப்பினால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்." அட்டைப்பெட்டி இன்னும் வீட்டில்தான் இருந்தது, அன்னையின் மருந்துப் புட்டிகள் அதில்தான் அடுக்கப்பட்டிருந்தன. புட்டிகளை எடுத்துவிட்டுப் பார்த்தோம். அடியில், கோணல் மாணலான கையெழுத்தில், அந்தச் சீட்டு கிடந்தது. சேலையோ அதற்குள் இரண்டு சலவை கண்டுவிட்டது. சாயம் ஒரு துளியும் இறங்கவில்லை.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு பேர் ஐந்தைந்து போட்டிருந்தால் இருபது. எங்கள் ஒன்றைச் சேர்த்து ஐவருக்குப் பங்கிட்டால் 4.2. அந்த 649 ரூபாய் வணிகரின் சேலைக்கு 4.3! மூவாயிரம் பேர் மதிப்பிட்ட பக்கத்தில் எங்கள் ஒரு நட்சத்திரம் கடலில் கரைத்த பெருங்காயம். நால்வர் மதிப்பிட்ட பக்கத்திலோ அது வாசலை அடைத்த கல்.

மறு சனிக்கிழமை அன்னையையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனோம். முகவரி கையில் இருந்தது. விற்றவர் ஓடிப்போகாதவர்தானா என்று பார்ப்பதற்காக நாங்கள் குறித்து வைத்த முகவரி அது. ஓடிப்போகும் வசதி எங்களுக்கு மட்டுமே இருந்தது என்பது அந்தச் சந்தில் நடந்து போகும்போதுதான் உறைத்தது. அவருடைய பெயரும் கதவெண்ணும் உலகத்துக்கே தெரியும். எங்களுக்கோ அங்காடியில் ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு எண்களும்தான் பெயர்.

நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நாங்கள் யாரென்று சொன்னதும் ஒருகணம் திகைத்துவிட்டு, "வாங்கம்மா, உட்காருங்க ஐயா" என்று பாயை விரித்தார். உள்ளே அவருடைய மாமியார் நகத்தால் துணியைக் கிள்ளிக் கிள்ளி முடிந்துகொண்டிருந்தார். எங்கள் அன்னை அவர் அருகே போய் அமர்ந்துவிட்டார்கள். பிறகு எங்களைக் கவனிக்கவே இல்லை.

தீபாவளிக்கு முன்பு வாரத்துக்கு இரண்டு மூன்று ஆர்டர் வந்துகொண்டிருந்ததாம். அந்த மூன்று வாரத்தில் வந்தது ஒன்றே ஒன்று. "உங்களால்தான் என்று சொல்ல மாட்டேன் ஐயா. மழைக்காலம் வேறு, சாயம் உலரவில்லை" என்றார். அவர் எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்றே நினைக்கிறோம். இடையில் யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பணம் கொடுத்தால் ஐம்பது பேரைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் செய்வதாகப் பேரம் பேசினாராம். அக்கம்பக்கத்தார் பெயரில் நாமே போட்டுக்கொள்ளலாமே என்று உடன்பிறந்த தம்பியும் சொன்னானாம். "போட்டால் முதலில் நாலு பேர் போட்டதும் பொய்யாகிவிடும் அல்லவா?" என்று அவர் எங்களைத் திருப்பிக் கேட்டார்.

வணிகரே வாங்கினவர் போல நடித்து மதிப்புரை எழுதலாகாது என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. மதிப்புரைகளை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரநெறியையும் வகுத்தது. அதனைப் பின்பற்றுவது அங்காடிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பொய் மதிப்புரை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சந்துவரை அந்தச் செய்தி எட்டியிருக்க வழியில்லை.

சேலைக்கு என்ன நட்சத்திரம் போட வேண்டும் என்று நாங்களே கேட்டோம். "ஐந்து போடுங்கள் என்று கேட்க மாட்டேன். நடந்ததை எழுதுங்கள்" என்றார். வேட்டிக்கு விலை தர வந்தார், வாங்கவில்லை. அன்னை கரும்பச்சையில் இன்னொரு சேலையை எடுத்துக்கொண்டு, விலையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார்கள். எங்களுக்கு நாணமாக இருந்தது. அந்தப் பெண்மணியோ முதன்முறையாகச் சிரித்து, முப்பது ரூபாய் குறைத்தார்.

அன்றிரவே பழைய எழுத்தைத் திருத்தினோம். சாயம் ஏன் இறங்கியது, சீட்டைப் படிக்காதது யார் குற்றம், புறப்பக்கத்தில் புள்ளி எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் எழுதி, எங்கள் வீட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்பினோம். திருத்திய மதிப்புரையைச் சரிபார்த்து வெளியிட அங்காடி மூன்று நாள் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று நாளும் காலையிலும் மாலையிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். எங்கள் ஒற்றை நட்சத்திரம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.